நல்லா ஓடுற பொட்டிக்கு வயசாயிடுச்சாம்!

கொஞ்ச நாளா ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கம் தலை காட்ட முடியலை. போன மாசம் மட்டும் மூணு பேர் தனித்தனியா ஒரே கேள்வியைக் கேட்டாங்க: "வீட்டுக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் குட்டி டெஸ்க்டாப் வாங்கலாம்னு இருக்கேன், எதுப்பா நல்லது?" பொட்டி தட்டுற பயல்னு பேர் வாங்கியாச்சு, இனிமே தப்பிக்க முடியாது. ஆளுக்கு ஆள் தனியா சொல்றதை விட ஒரே பதிவா போட்டுடலாம்னு உட்கார்ந்தேன். தொழில்நுட்பப் பதிவுன்னு பார்த்ததும் ஓடிடாதீங்க, நடுவுல என்னோட அசட்டுத்தனம் ஒண்ணும் வருது. அதுக்காகவாவது படிங்க :-)

எங்க அப்பா அருப்புக்கோட்டையில ஒரு சின்ன பிரவுசிங் சென்டர் கம் ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கார். பட்டா சிட்டா எடுக்கிறது, சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பம் போடுறது, டிஎன்பிஎஸ்சி பாரம் நிரப்புறது, மனு டைப் அடிக்கிறது, சீசன்ல கல்யாணப் பத்திரிகை. இதுதான் வண்டி. நான் இஞ்சினியரிங் படிச்சதே இந்தக் கடை வருமானத்துலதான்.

2023-ல அவரோட பழைய டவர் பொட்டி, அதாங்க அந்த மாவு மெஷின் சத்தம் போடுற ஐட்டம், மூச்சை நிறுத்திடுச்சு. "தம்பி, ஒரு பொட்டி பார்த்து அனுப்புடா, பத்தாயிரத்துக்குள்ள"ன்னார். நானும் ரிச்சி ஸ்ட்ரீட் போய் ரெண்டு மணி நேரம் அலைஞ்சேன். கடைசியில ஒரு கடையில ரெண்டு பொட்டி எடுத்து மேஜை மேல வெச்சாங்க. ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி, ரெண்டும் ஐ5, ரெண்டும் 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. ஒண்ணு ஏழாவது தலைமுறை ப்ராசசர், 9,500 ரூபா. இன்னொண்ணு எட்டாவது தலைமுறை, 11,500 ரூபா.

கடைக்காரர் பாவம், நேர்மையாத்தான் சொன்னார், "எட்டாவது எடுத்துக்கோங்க சார்"னு. நான்தான் பெரிய மேதாவி ஆச்சே. "பாரம் நிரப்புறதுக்கு எதுக்கு ஆறு கோர்? நாலு கோர் போதும்"னு கணக்கு போட்டு ரெண்டாயிரத்தை மிச்சம் பிடிச்சுட்டு வந்துட்டேன். மிச்சம் பிடிச்சதைப் பெருமையா அப்பாகிட்ட வேற சொன்னேன்.

ரெண்டு வருஷம் ஒரு குறையும் இல்லை. பொட்டி சத்தமே போடலை. அப்புறம் 2025 செப்டம்பர்ல ஒரு நாள் ராத்திரி போன்.

"ஏன்டா, திரையில ஒரு அறிவிப்பு வருது. விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடியுதாம். ஆதரவு முடியுதுன்னா என்னடா, கூட்டணி மாறிட்டாங்களா?"

"அப்பா, அக்டோபர் 14-க்கு அப்புறம் அதுக்குப் பாதுகாப்பு அப்டேட் வராது. விண்டோஸ் 11-க்கு மாறணும்."

"அப்ப மாத்திக் குடு."

"இந்தப் பொட்டியில மாத்த முடியாதுப்பா. ஏழாவது தலைமுறை ப்ராசசரை அவங்க பட்டியல்ல சேர்க்கலை."

"பொட்டி நல்லாத்தானேடா ஓடுது?"

இந்தக் கேள்விக்குத்தான் என்கிட்ட பதில் இல்லை. நிஜமாவே நல்லாத்தான் ஓடுச்சு.

சரி, கதையை இங்க நிறுத்திட்டு மேட்டருக்கு வருவோம்.

என் கட்சி என்ன?

முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் எல்லாரும் சண்டைக்கு வரலாம். பழைய குட்டி டெஸ்க்டாப் வாங்கும்போது நாம கேட்கிற கேள்வி எல்லாமே தப்பு. "எந்தக் கம்பெனி? எவ்வளவு வேகம்? எவ்வளவு ராம்?" இது மூணுமே பின்னால மாத்திக்கலாம், இல்லேன்னா பெரிசா வித்தியாசம் இல்லாத விஷயம். கேட்க வேண்டியது ரெண்டே கேள்வி. ஒண்ணு, இதைத் திறந்து என் கையால எதை எல்லாம் மாத்த முடியும்? ரெண்டு, இந்த ப்ராசசரை எது வரைக்கும் சாஃப்ட்வேர்காரங்க மதிப்பாங்க? முதல் கேள்விக்குப் பதில் தெரிஞ்சும் ரெண்டாவதைக் கேட்காம விட்டதுதான் நான் செஞ்ச தப்பு.

களத்துல இருக்கிறவங்க யார்?

நம்ம ஊர் செகண்ட் ஹேண்ட் சந்தையில குட்டி டெஸ்க்டாப்னு கேட்டா மூணு ஜாதி வரும்.

*1. தட்டைப் பொட்டி.* கடைக்காரங்க எஸ்எஃப்எஃப்னு சொல்வாங்க. பழைய டிவிடி பிளேயரை விடக் கொஞ்சம் தடிமனா படுத்திருக்கும். டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010, ஹெச்பி எலைட் 8300 மாதிரி 2012 வாக்குல வந்த, மூணாவது தலைமுறை பொட்டிகள் இன்னிக்கும் குவிஞ்சு கிடக்கு. விலை கொள்ளை மலிவு. உள்ளே இடம் தாராளம், குட்டையான கிராஃபிக்ஸ் கார்டு சொருகலாம், ரெண்டு டிரைவ் போடலாம். ஆனா ராம் டிடிஆர்3. என்விஎம்இ டிரைவுக்கு இடம் கிடையாது, சாட்டா எஸ்எஸ்டிதான். இன்னொரு சிக்கல், இந்த ஜாதியில பல மாடல்ல பவர் சப்ளை கம்பெனிக்கே உரிய அளவு. உதாரணத்துக்கு ஆப்டிபிளெக்ஸ் 9020-ல போர்டுக்குப் போற முக்கிய இணைப்பு வழக்கமான 24 பின் கிடையாது, 8 பின். அது போச்சுன்னா பக்கத்துக் கடையில சாதாரண எஸ்எம்பிஎஸ் வாங்கி மாட்ட முடியாது.

*2. டிபன் பாக்ஸ் பொட்டி.* இதுதான் இன்னிக்கு நாயகன். டெல்லில மைக்ரோ, ஹெச்பில மினி, லெனோவோல டைனி. மூணும் கிட்டத்தட்ட ஒரே அளவு, 18 சென்டிமீட்டர் சதுரம், மூணரை சென்டிமீட்டர் உயரம். மொத்தக் கொள்ளளவு ஒரு லிட்டர் சொச்சம். மானிட்டர் முதுகுல மாட்டிட்டா பொட்டி இருக்கிறதே தெரியாது. பெரிய ஆபீஸ்ல நூறு நூறா வாங்கி, சில வருஷத்துல ஒட்டுமொத்தமா கழிச்சுக் கட்டுவாங்க. அதுதான் நம்ம கைக்கு வருது.

*3. ஆப்பிள் மேக் மினி.* 2005-ல வந்த முதல் மாடலைத் திறக்க, பெயிண்டர் பட்டி பார்க்கிற தகடு மாதிரி ஒண்ணு வேணும். அப்புறம் அவங்களுக்கே மனசு இளகி, 2010-லேர்ந்து 2012 வரை வந்த மாடல்கள்ல அடி மூடியை ரெண்டு கட்டை விரலால திருகினா கழண்டு வரும், ராம் கைக்கு எட்டும். 2012 மாடல்ல நாலு கோர் ஐ7 கூட உண்டு, 16 ஜிபி வரை ராம் போடலாம். 2014-ல ராமை போர்டோட சேர்த்துப் பற்ற வெச்சுட்டாங்க, நாலு கோரையும் தூக்கிட்டாங்க. புது மாடல் பழசை விட மோசமா வந்த அபூர்வ சம்பவம் அது.

இந்த இடத்துல ஒரு நேர்மையான ஒப்பீடு பண்ணலாம். 2018-ல வந்த மேக் மினியையும், அதே வருஷத்து ஒரு டிபன் பாக்ஸையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. மேக் மினியில ஐ5-8500பி, டிபன் பாக்ஸ்ல ஐ5-8500டி. ரெண்டும் ஆறு கோர், ஒரே குடும்பம். மேக் கொஞ்சம் வேகம், ஏன்னா அதுக்குக் கூடுதலா மின்சாரம் குடுத்திருக்காங்க. ஆப்பிளோடது அலுமினியம், பார்க்க லட்சணம். ஆனா எஸ்எஸ்டி போர்டுலயே பற்ற வெச்சது. சில மாடல் வெறும் 128 ஜிபியோட வந்தது, இன்னிக்கும் அது 128 ஜிபிதான், நாளைக்கும் அதேதான். ராம் மாத்தலாம், ஆனா போர்டையே வெளிய இழுக்கணும். ஆப்பரேட்டிங் சிஸ்டம் 2024-ல வந்த செக்கோயாவோட நின்னு போச்சு. 2025-ல வந்த டஹோ அந்தப் பொட்டிக்குக் கிடையாது. லினக்ஸ் போடலாம்னா டி2 சிப் குறுக்கே நிக்கும், அதுக்குன்னு தனியா ஒட்டுப் போட்ட கர்னல் தேடணும்.

டிபன் பாக்ஸ் பக்கம் வாங்க. பின்னால ஒரே ஒரு திருகு. கழட்டி மூடியைத் தள்ளினா திறந்துடும். லெனோவோ டைனியில ராமும் எம்.2 எஸ்எஸ்டியும் அடிப்பக்கம் ஒரு சின்னக் கதவுக்குள்ள. டெல்லில மேல இருக்கிற டிரைவ் கூட்டைத் தூக்கினா எல்லாம் கண் முன்னால. ராம் பழசா, மாத்து. டிரைவ் சின்னதா, மாத்து. வைஃபை இல்லையா, சொருகு. ப்ராசசர் கூட சாக்கெட்ல உட்கார்ந்திருக்கிற சமாச்சாரம்தான்.

ஒரே வருஷம், ஒரே ப்ராசசர் குடும்பம். ஒண்ணு மூடி வெச்சது, இன்னொண்ணு திறந்து வெச்சது. ஏழெட்டு வருஷம் கழிச்சு எது பிழைச்சிருக்குன்னு நீங்களே சொல்லுங்க. (ஆப்பிள் ரசிகர்களே, 2024-ல வந்த எம்4 மேக் மினி அருமையான பொட்டி, மறுக்கலை. ஆனா அது வந்தப்ப இங்க 59,900 ரூபா. அப்பா பட்ஜெட்டுக்கு ஆறு பொட்டி.)

தலைமுறை எண்ணுன்னா என்ன?

"ஐ5 சார், ஐ7 சார்"னு கூவுவாங்க. அதை நம்பி வாங்காதீங்க. ஐ5-க்கு அப்புறம் வர்ற எண்ணோட முதல் இலக்கம்தான் விஷயம். 6500டி-ன்னா ஆறாவது, 7500டி-ன்னா ஏழாவது, 8500டி-ன்னா எட்டாவது. கடைசியில இருக்கிற டி, 35 வாட் வகைன்னு அர்த்தம்.

ஆறுக்கும் ஏழுக்கும் வேகத்துல பெரிய வித்தியாசம் இல்லை. ஒரே ஒரு விஷயம், யூட்யூப் பயன்படுத்துற விபி9 வீடியோவை விரிக்க ஏழாவதுல தனி வன்பொருள் முழுசா இருக்கு, ஆறாவதுல இல்லை. 4கே வீடியோ ஓட்டினா ஆறாவதுக்கு மூச்சு வாங்கும்.

ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுலதான் மலை. ஏழாவது ஐ5 நாலு கோர், எட்டாவது ஐ5 ஆறு கோர். அதை விட முக்கியம், விண்டோஸ் 11-க்கான அனுமதிப் பட்டியல் எட்டுலேர்ந்துதான் தொடங்குது. ஏழாவது பொட்டிகள்ல பலதுல டிபிஎம் 2.0 கூட இருக்கு, அப்பா பொட்டியிலயும் இருந்துச்சு. தடை ப்ராசசர் பட்டியல் மட்டும்தான். இதுல ஒரு வேடிக்கை, அந்தப் பட்டியல்ல ஏழாவது தலைமுறை லேப்டாப் ப்ராசசர் ஒண்ணு, 7820ஹெச்க்யூ, விதிவிலக்கா உள்ள வந்திருக்கு. அது எதுல இருக்குன்னு பார்த்தா மைக்ரோசாஃப்டே வித்த சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2. வீட்டுப் பிள்ளைக்குச் சலுகை :-)

"சரிடா, ஏழாவது பொட்டியில எட்டாவது ப்ராசசரை மாட்டிடலாமே, ரெண்டுக்கும் ஒரே 1151 சாக்கெட்தானே"ன்னு கேட்பீங்க. பின் எண்ணிக்கை ஒண்ணுதான், ஆனா ஒத்துப்போகாது. போர்டு சிப்செட் வேற. ப்ராசசர் மாத்தி தலைமுறை தாண்ட முடியாது. அதனாலதான் சொல்றேன், ராம், டிரைவ் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். தலைமுறையை மட்டும் வாங்குற அன்னிக்கே சரியா வாங்கணும்.

"குறுக்கு வழி இருக்கே பாஸ்"

இந்நேரம் பத்து பேர் பின்னூட்டத்துல "ரூஃபஸ் வெச்சு சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11 போடலாம், இது கூடத் தெரியாதா"ன்னு எழுத ஆரம்பிச்சிருப்பீங்க. தெரியும்ங்க. என் ரூம்ல ஒரு பொட்டியில நானே போட்டு ஓட்டுறேன். ஆனா அப்பா கடையில போட மாட்டேன். ஏன்னு சொல்றேன்.

அந்தக் கடைக்கு வர்றவங்க யாரு? ஆதார் நகலைக் கையில குடுத்து, போன்ல வர்ற ஓடிபியை சத்தமா படிச்சு, "எல்லாம் நீங்களே பார்த்துப் போட்டுடுங்க"ன்னு சொல்ற ஜனங்க. பேங்க் பாஸ்புக், சாதிச் சான்றிதழ், பிள்ளையோட மதிப்பெண் பட்டியல் எல்லாம் அந்தப் பொட்டி வழியாத்தான் போகுது. அனுமதி இல்லாத பொட்டிக்கு அப்டேட் உண்டுங்கிறதுக்கு உத்தரவாதம் இல்லைன்னு மைக்ரோசாஃப்டே சொல்லிடுச்சு. வருஷாந்திர பெரிய அப்டேட்டைக் கையாலதான் இழுத்துப் போடணும். நான் சென்னையில உட்கார்ந்துகிட்டு, ஊர்ல அந்தப் பொட்டி இந்த மாசம் அப்டேட் ஆச்சா இல்லையான்னு கவலைப்பட்டுட்டே இருக்க முடியாது. என் பொட்டி போனா எனக்கு மட்டும்தான் நஷ்டம். அந்தப் பொட்டி போனா ஊர்ல முக்கால்வாசிப் பேரோட ஆதார் போகும். அப்பாவோட நாப்பது வருஷப் பேரும் சேர்ந்து போகும்.

"லினக்ஸ் போடவேண்டியதுதானே?"

அடுத்த கோஷ்டி இது. நானும் இந்தக் கோஷ்டிதான், அதனால உரிமையோட சொல்றேன். வீட்டு உபயோகத்துக்கு ஆறு, ஏழாவது தலைமுறைப் பொட்டி கையில இருந்தா, கண்ணை மூடிட்டு லினக்ஸ் மின்ட் போடுங்க. 2024-ல வந்த 22-ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு. பிரவுசர், லிப்ரேஆபீஸ், வீடியோ, எல்லாம் வழுக்கிட்டுப் போகும். தமிழ்99 விசைப்பலகையும் ஐபஸ்ல இருக்கு. இ-கலப்பை காலத்துலேர்ந்து எழுதுற நம்ம ஆட்களுக்கு ஒரு சிரமமும் இருக்காது.

ஆனா அப்பா கடை? அங்க இருக்கிறது பேஜ்மேக்கர் 7. 2001-ல வந்தது, அடோபி கைவிட்டுப் பல வருஷம் ஆச்சு. அதுல பதினஞ்சு வருஷத்து மனு மாதிரிகள், கல்யாணப் பத்திரிகைகள், எல்லாம் யூனிகோடுக்கு முந்தின எழுத்துருவுல. அந்த எழுத்துருவுக்கு ஒரு பழைய கீபோர்டு மென்பொருள். எங்க ஊர்ல ஒருத்தர் வந்து "எங்க பெரியவன் கல்யாணப் பத்திரிகை மாதிரியே சின்னவனுக்கும் அடிங்க"ன்னா, அப்பா அந்தக் கோப்பைத்தான் திறக்கணும். தீபாவளிக்கு ஊருக்குப் போனப்ப (அந்த ஆதரவு முடிஞ்சு ஆறாவது நாள் தீபாவளி!) ஒரு முழு ராத்திரி உட்கார்ந்து இதை லினக்ஸ்ல ஓட வைக்கப் பார்த்தேன். என்னால முடியலை. கோப்பு திறந்தது, ஆனா அப்பா தட்டுற விசைக்கு வேற எழுத்து வந்தது.

காலையில அப்பா காபியோட வந்து பார்த்துட்டு, "விடுடா, நீ எழுத வெச்ச ஆனாவுக்கு இது வேற எதையோ எழுதுது"ன்னார். டிஸ்கி, யூனிகோடுன்னு ஒரு காலத்துல நம்ம ஆட்கள் போட்ட சண்டை எல்லாம் முடிஞ்சிருச்சுன்னு நினைச்சேன். ஊர்ப்பக்கக் கடைகள்ல அது இன்னும் முடியலை. கம்ப்யூட்டருக்கு வயசாகிறது அதோட வன்பொருளால இல்லைங்கிறதுக்கு இதை விட சாட்சி வேணுமா?

அப்போதைக்கு ஒரு வருஷ நீட்டிப்புத் திட்டத்துல பொட்டியைச் சேர்த்துட்டு வந்தேன். அது 2026 அக்டோபர் 13 வரைக்கும்தான். வாய்தா வாங்குற மாதிரி.

அப்புறம் என்ன செஞ்சேன்?

டிசம்பர்ல மறுபடி அதே தெரு. இந்தத் தடவை லெனோவோ திங்க்சென்டர் எம்720கியூ, எட்டாவது தலைமுறை, ஐ5-8500டி. ராமும் இல்லை, டிரைவும் இல்லை, வெறும் பொட்டியும் அடாப்டரும் மட்டும். 7,000 ரூபா. ஏன் வெறும் பொட்டி? 2025 கடைசியில ராம் விலை எகிற ஆரம்பிச்சிருந்தது உங்களுக்கே தெரியும். ஏஐ சர்வர்களுக்கே எல்லா ராமும் போகுதுன்னு, நம்மள மாதிரி ஆட்களுக்குக் கை வைக்க முடியாத விலை. ஆனா என்கிட்டதான் ராம் இருக்கே, அப்பா பொட்டிக்குள்ள! ஏழாவதும் டிடிஆர்4, எட்டாவதும் டிடிஆர்4, ரெண்டும் லேப்டாப் அளவுக் குச்சிதான். எம்.2 எஸ்எஸ்டியும் அப்படியே பொருந்தும்.

2026 பொங்கலுக்குக் கடை மூடியிருந்த அன்னிக்குத் திண்ணையில உட்கார்ந்து மாத்தினேன். ரெண்டு பொட்டி, ஒரு ஸ்க்ரூடிரைவர், அரை மணி நேரம். அப்புறம் புதுசா விண்டோஸ் 11, பேஜ்மேக்கர், பழைய எழுத்துரு, பழைய கீபோர்டு. முதல் தடவை முரண்டு பிடிச்சது, அட்மினா ஓட்டினதும் வழிக்கு வந்தது. அப்பா முதல்ல தட்டிப் பார்த்தது "உ" போட்டு "முருகன் துணை". சரியா வந்துச்சு.

இப்ப கணக்கு பாருங்க. 2023-லயே எட்டாவது வாங்கியிருந்தா 11,500. நான் செலவு பண்ணினது 9,500 கூட்டல் 7,000, ஆக 16,500. ரெண்டாயிரம் மிச்சம் பிடிச்ச மேதாவிக்கு ஐயாயிரம் தண்டம். ஆனா இதையே ராமும் டிரைவும் பற்ற வெச்ச பொட்டியில செஞ்சிருந்தா, தண்டம் இன்னும் பெரிசா இருந்திருக்கும். நான் தப்பு பண்ணினப்புறமும் என்னைக் காப்பாத்தினது அந்த ஒரு திருகுதான்.

ஏழாவது பொட்டி என்னாச்சுன்னு கேட்பீங்க. வேற ஒரு செத்த லேப்டாப்புலேர்ந்து 4 ஜிபி ராம், ஒரு பழைய சாட்டா எஸ்எஸ்டி போட்டு, மின்ட் ஏத்தி அக்கா வீட்டுக்குப் போயிருச்சு. அக்கா பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா. அவளுக்கு அதுல என்ன தலைமுறைன்னு தெரியாது, தெரியவும் வேண்டாம்.

வாங்கப் போறவங்களுக்கு

சுருக்கமா சொல்லிடறேன், காப்பி பண்ணி வெச்சுக்கோங்க.

1. எட்டாவது தலைமுறைக்குக் கீழே விண்டோஸுக்காக வாங்காதீங்க. லினக்ஸ்தான்னு முடிவு பண்ணியிருந்தா ஆறு, ஏழு தாராளமா வாங்கலாம், பேரம் பேசுங்க. இப்ப விலை இறங்கணும்.

2. கம்பெனி பெரிய விஷயம் இல்லை. மூணும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். எலைட்டெஸ்க் 800 ஜி4 மினியில ரெண்டு எம்.2 டிரைவ் போடலாம். எம்720கியூவில ஒரு குட்டி விரிவாக்கக் கார்டு சொருக வழி இருக்கு, ஆனா அதைப் போட்டா ரெண்டரை இஞ்ச் டிரைவுக்கான இடம் போயிடும். டெல் மைக்ரோ திறக்க சுலபம். எது நல்ல நிலையில கிடைக்குதோ அதை எடுங்க.

3. அடாப்டர் கம்பெனி அடாப்டரா பாருங்க. டெல் பொட்டி அடாப்டரை அடையாளம் காணலைன்னா திரையில எச்சரிக்கை போட்டுட்டு ப்ராசசர் வேகத்தைக் குறைச்சுடும். பொட்டி மந்தம்னு நீங்க ப்ராசசரைத் திட்டிட்டு இருப்பீங்க.

4. கடையிலயே பயாஸ் உள்ள போய்ப் பாருங்க. ஆபீஸ்ல வெச்ச பாஸ்வேர்டு இருந்தா வாங்காதீங்க. எண்ணையும் அங்கயே சரிபாருங்க, மேல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரை நம்பாதீங்க.

5. பின்னால என்ன துளை இருக்குன்னு பாருங்க. சில மாடல்ல டிஸ்ப்ளேபோர்ட் மட்டும்தான், எச்டிஎம்ஐ இருக்காது. வீட்டுல பழைய விஜிஏ மானிட்டர்னா மாத்தி குடுக்கிற கனெக்டருக்கும் காசு வையுங்க. வைஃபை கார்டும் ஆன்டெனாவும் இருக்கான்னு கேளுங்க. ஆபீஸ் பொட்டி பலதுல இருக்காது.

6. வீட்டுக்கு வந்ததும் தூசி தட்டி, ப்ராசசர் மேல காய்ஞ்சு போன பேஸ்ட்டைத் துடைச்சுப் புதுசு போட்டு, பயாஸ் பேட்டரியை (கைக்கடிகார மாதிரி வட்டமா இருக்குமே, சிஆர்2032) மாத்துங்க. அம்பது, நூறு ரூபா வேலை.

7. மேம்படுத்துற வரிசை: முதல்ல எஸ்எஸ்டி, அடுத்தது ராம், அதோட நிறுத்துங்க. அன்றாட வேலைக்கு 8 ஜிபி ஓடும், 16 சுகம். சாட்டா எஸ்எஸ்டிக்கும் என்விஎம்இக்கும் அன்றாட வேலையில வித்தியாசம் தெரியாது. ராமோட சேர்த்து விக்கிற பொட்டி கிடைச்சா விடாதீங்க.

மின்சாரத்தையும் சொல்லிடறேன். என்கிட்ட ஒரு சின்ன மீட்டர் இருக்கு. அப்பாவோட பழைய டவர், போறதுக்கு முன்னாடி சும்மா நிக்கும்போதே 55 வாட்டுக்கு மேல காட்டுச்சு. டிபன் பாக்ஸ் 10 வாட் பக்கம். கடை பதினோரு மணி நேரம் திறந்திருக்கும், ஒரு நாளைக்கு அரை யூனிட் மிச்சம். கரண்ட் போனா இன்வெர்ட்டரும் கூடுதல் நேரம் தாங்குது. பாரம் சமர்ப்பிக்கக் கடைசி நாள் சாயங்காலம் கரண்ட் போற ஊர் அது, அருமை தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்.

கடைசியா

பழசுன்னு நாம எதைச் சொல்றோம்? தேய்ஞ்சதை, உடைஞ்சதை. செக்கு, கட்டில், சைக்கிள் எல்லாம் அப்படித்தான் பழசாகும். கம்ப்யூட்டர் மட்டும் ஒரு தேதியில, எங்கயோ ஒரு ஆபீஸ்ல எழுதின பட்டியலால பழசாகுது. பாதுகாப்புக்காகத்தான் பட்டியல்னு அவங்க சொல்றதுல நியாயமே இல்லைன்னு நான் சொல்ல வரலை. நானும் சாஃப்ட்வேர் எழுதுறவன், பழைய வெர்ஷனை எத்தனை நாள்தான் சுமக்கிறதுன்னு மீட்டிங்ல கத்துறவன்தான். ஆனா அன்னிக்கு நான் கத்தினப்ப, அந்தப் பழைய வெர்ஷனுக்குப் பின்னால அருப்புக்கோட்டையில ஒரு கடை இருக்கும்னு எனக்குத் தோணலை. இப்பத் தோணுது.

அப்பாகிட்ட புதுப் பொட்டியைக் குடுத்துட்டுக் கிளம்பும்போது கேட்டார்: "இதுக்கு எத்தனை வருஷம்டா குடுத்திருக்கான்?"

"தெரியலைப்பா. ஒரு நாள் இதுவும் பட்டியல்லேர்ந்து போகும்."

"சரி, அப்பவும் திறந்து மாத்த முடியுமில்ல?"

"முடியும்ப்பா."

"அது போதும்"னுட்டு, அந்தத் திருகை ஒரு தடவை கழட்டித் திரும்ப மாட்டிப் பார்த்துக்கிட்டார்.

டிஸ்கி: விலை எல்லாம் நான் குடுத்த விலை, நீங்க போற அன்னிக்கு வேறயா இருக்கும். எந்தக் கம்பெனியும் எனக்குப் பொட்டி குடுக்கலை, குடுத்தா வாங்கிக்க மாட்டேன்னு சொல்ற அளவுக்கு நான் நல்லவனும் இல்லை. பழைய எழுத்துருக் கோப்பை லினக்ஸ்ல தட்டெழுத வழி தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க சாமிகளா, புண்ணியமா போகும்.